பதினேழு அங்குல முகத்துக்கு எந்த லென்ஸ்? களுவாஞ்சிக்குடியில் மூன்று நாட்கள்

"லென்ஸ் வாங்க யாராவது 340 கிலோமீட்டர் போவார்களா?" என்று என் கணவர் கேட்டார். வாங்குவதற்கு அல்ல, கையில் இருக்கும் இரண்டில் எதைத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவெடுக்கத்தான் போகிறேன் என்றேன். மாசி மாதத்தின் கடைசி வியாழக்கிழமை, அதிகாலை 4.45க்கு வெள்ளவத்தையிலிருந்து வான் புறப்பட்டது. பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டு என் கமராவை மெத்தை போட்டுப் படுக்க வைத்திருந்தோம்.

இந்த வலைப்பதிவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு: என் கமரா 14க்கு 17 அங்குலம். உள்ளே போகிற பிலிமே அந்த அளவு. நெகட்டிவைப் பெரிதாக்கும் வேலை கிடையாது. தாளின்மேல் வைத்து வெளிச்சம் காட்டினால் அதே அளவில் படம் விழும். இந்த அளவில் சாதாரணப் பிலிம் வாங்கிக் கட்டாது. ஆனால் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கிற பிலிம் சரியாக 14க்கு 17தான். என்னைப் போன்றவர்கள் அதைத்தான் பாவிக்கிறோம்.

கண்டியில் ஒரு சேகரிப்பாளர் இரண்டு மென்குவிய லென்ஸ்களை இரண்டு மாதத்துக்குத் தந்திருந்தார். முகத்தின் ஒவ்வொரு ரோமத்தையும் வெட்டிக் காட்டாமல், உருவம் தெளிவாக இருக்க அதன்மேல் ஒளி லேசாகப் பரவி நிற்கும்படி எடுப்பதற்கென்றே செய்யப்பட்டவை அவை. முதலாவது பழைய பித்தளை லென்ஸ். 22 அங்குலக் குவியத்தூரம், எடை 4.6 கிலோ. கழுத்தில் இருக்கிற வளையத்தைத் திருப்பினால் மென்மை கூடும், குறையும். இரண்டாவது, யாரோ பட்டறையில் கடைந்த அலுமினியக் குழாயில் ஒரே ஒரு வளைந்த கண்ணாடி. 600 மில்லிமீட்டர். எடை 900 கிராம். ஒன்றை நான் வைத்துக்கொண்டு மற்றதை அனுப்ப வேண்டும்.

களுவாஞ்சிக்குடிக்கு ஏன்? அங்கே ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் எக்ஸ்ரே எடுக்கிறவர் ஜெயந்தி. இரண்டு வருடங்களாகத் தொலைபேசியில் மட்டுமே பழக்கம். அவருடைய நிலையம் கணினி முறைக்கு மாறிவிட்டது. பழைய இருட்டறை அப்படியே கிடக்கிறது. காலாவதியான பிலிம் 64 தாள் மிஞ்சியிருக்கிறது. முதலாளியிடம் கேட்டு எல்லாவற்றையும் எனக்காக ஒதுக்கி வைத்திருந்தார். "வாங்க அக்கா, அண்ணனை இருத்திப் படம் எடுப்பம். வாவியில இறால் பிடிக்கிற ஆள், அசையாம இருக்கத் தெரியும்" என்று ஆசையும் காட்டினார்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதைக் கணவரிடம் சொல்லவில்லை.

கொழும்பில் இந்த இரண்டு லென்ஸ்களிலும் ஆறு தாள் எடுத்துப் பார்த்தேன். ஆறும் மங்கல். மென்மை வேறு, மங்கல் வேறு. மென்மையான படத்தில் ஒளிப்பூச்சின் அடியில் ஒரு தெளிவான கோடு இருக்கும். என் படங்களில் அடியில் ஒன்றுமே இல்லை. கறுப்புத் துணியைப் போர்த்துக்கொண்டு கமராவின் பின்பக்க மங்கற்கண்ணாடியில் நான் தெளிவாகக் கண்டது, பிலிமில் விழவில்லை. எனக்கு 51 வயது. என் அப்பா 54 வயதில் கண் அழுத்த நோயால் பார்வையை இழந்தவர். நான் வழக்கமாகப் பாவிக்கும் கூர்மையான லென்ஸை மாட்டி ஒரு தாள் எடுத்திருந்தால் பிழை கண்ணிலா லென்ஸிலா என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். நான் மாட்டவில்லை. விடை வந்துவிடுமோ என்ற பயம். அடுத்த செவ்வாய்க்கிழமைக்குக் கண் மருத்துவரிடம் நேரம் எடுத்துவிட்டு, அதற்கு முன் இந்தப் பயணத்தை வைத்துக்கொண்டேன். இதுவே கடைசி என்றால் ஒரு நல்ல படமாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அது வெட்கமாகத் தெரியவில்லை.

வழி: குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை, வாழைச்சேனை. வான் வாடகை கிலோமீட்டருக்கு 120 ரூபாய், சாரதிக்கு நாளொன்றுக்கு 2,500. சாரதி குகன் செங்கலடிக்காரர். கொழும்பில் ஓடினாலும் ஊர்ப் பேச்சு மாறாதவர். ஹபரணையில் 9.10க்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டோம். இருவருக்கும் 900 ரூபாய். மட்டக்களப்பில் பிற்பகல் 1.05. காத்தான்குடியின் நெரிசலைத் தாண்டி, களுவாஞ்சிக்குடிக்கு 1.50.

கடைசி இருபது கிலோமீட்டரில் நான் ஒவ்வொரு பெயர்ப் பலகையாக வாசித்துக்கொண்டு வந்தேன். குகன் கவனித்துவிட்டார்.

"என்னக்கா, வழி பிழைச்சிப் போகும் எண்டு பயமா? எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் வருவன் இந்த ரோட்டில."

"சும்மாதான் தம்பி," என்றேன். ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணால் வாசிக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

ஜெயந்திக்கு 44 வயது. குரலை வைத்து உயரமான ஆள் என்று நினைத்திருந்தேன். என் தோளுக்குத்தான் வந்தார். வந்தவுடன் கமராவைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது எங்கட மெஷினைவிடப் பெரிசு" என்றார். இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிந்தது, தண்ணீர் வந்தது, பிலிமைத் தொங்கவிடும் இரும்புச் சட்டங்கள் துருப்பிடிக்காமல் வரிசையாக இருந்தன. மருந்துகள் நான் கொண்டுபோயிருந்தேன். அன்று மாலை அவற்றைக் கரைத்து வைத்துவிட்டு, கல்லடியில் அறைக்குப் போனோம். ஓர் இரவுக்கு 6,500 ரூபாய், குளிரூட்டி இல்லாமல். மாசியில் அது தேவையும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை 5.30க்குக் கல்லடியிலிருந்து கிளம்பி, களுவாஞ்சிக்குடியில் ஜெயந்தியை ஏற்றிக்கொண்டு, குருமண்வெளிக்கு 6.25. மண்டூருக்குப் 'பாதை' என்கிற மிதவைப் படகு ஓடுகிற துறையிலிருந்து ஐந்து நிமிட நடையில் அண்ணனின் வீடு. மோட்டார் சைக்கிள்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பாதையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். வாவி கண்ணாடி மாதிரிக் கிடந்தது.

அண்ணனின் பெயர் தவராசா. 56 வயது. விடியுமுன் தொழிலுக்குப் போய் வந்து, வீச்சு வலையைக் கம்பில் காயப் போட்டிருந்தார். பூவரச மர நிழலில் கதிரையைப் போட்டேன். அவர் அந்தக் கதிரையை வலையோடு ஒட்டினாற்போல இழுத்துக்கொண்டார்.

"வலை வேணாம் அண்ணன், பின்னால வெறுமையா இருந்தாத்தான் முகம் எடுபடும்," என்றேன். என் ஸ்டூடியோ வழக்கம் அது. பின்னால் எப்போதும் கறுப்புத் துணிதான்.

"வலை இல்லாம என்ன தங்கச்சி படம்? பாக்கிற ஆக்கள் நான் கச்சேரியில கிளாக்கர் வேலை செய்யிற எண்டு நினைப்பாங்க."

விட்டுவிட்டேன். அதுதான் அந்தப் பயணத்தில் நான் செய்த மிக நல்ல காரியம்.

பித்தளை லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்து, வெளிச்சமான பிம்பத்தில் அவருடைய வலக் கண்ணைக் குவித்தேன். பிறகு வழக்கம்போலத் துவாரத்தை எஃப் 11க்குச் சுருக்கினேன். மூடியைக் கழற்றி ஒரு விநாடி எண்ணி மூடினேன். ஜெயந்தி பக்கத்தில் நின்று, "மூச்சை இழுங்க... பிடிங்க... அசையாதீங்க..." என்று ஆஸ்பத்திரிக் குரலில் சொல்ல, அண்ணன் நெஞ்சை விரித்துக்கொண்டு இருந்தார். பிறகு ஒற்றைக் கண்ணாடி லென்ஸில் இரண்டு தாள். 8.15க்கு எல்லாம் முடிந்தது. தேங்காய்ச் சம்பலும் இடியப்பமும் இறால் சொதியும் அண்ணன் வீட்டில்.

10 மணிக்கு இருட்டறையில் மூன்று தாளையும் கழுவி எடுத்தோம். ஜெயந்தி அவற்றை எக்ஸ்ரே பார்க்கும் வெளிச்சப் பெட்டியில் ஈரத்தோடு மாட்டினார். நான் நேராகக் கண்ணைப் பார்த்தேன். வலக் கண், இடக் கண், மூக்கு. மூன்று தாளிலும் மங்கல். கொழும்பில் பார்த்த அதே மங்கல்.

அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு வாரமாக ஒருவரிடமும் சொல்லாததை, நேற்றுத்தான் முகம் பார்த்த ஒருவரிடம் சொன்னேன். அப்பாவைப் பற்றி, செவ்வாய்க்கிழமையைப் பற்றி, வீட்டில் சொல்லாததைப் பற்றி. ஜெயந்தி நான் சொல்லி முடித்ததும் ஒரு கோப்பை தண்ணீர் தந்தார். பிறகு வெளிச்சப் பெட்டியின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்க எல்லாத்திலயும் முகத்தைத்தான் பாத்தீங்க, என்ன?"

"முகத்தைத்தானே எடுத்தது."

"நாங்க அப்படிப் பாக்கிறல்ல. நெஞ்சு நோகிது எண்டு வாற ஆள்ட படத்தில முதல் நெஞ்சைப் பாக்கமாட்டம். தோள்மூட்டைப் பாப்பம், கழுத்தைப் பாப்பம், ஓரமெல்லாம் பாத்து மறுகாதான் நடுவுக்கு வருவம். நோகிற இடத்தையே பாத்துக்கொண்டு நிண்டா மத்ததெல்லாம் தப்பிப் போயிரும்."

அவருடைய விரல் முதல் தாளின் மேல் மூலையிலிருந்து மெதுவாக இறங்கியது. மரக்கிளை, கம்பு, கதிரையின் முதுகு. அண்ணனின் தோளுக்குப் பின்னால் நின்றது.

"இது வலைதானே? வந்து பாருங்க. முடிச்சை எண்ணலாம்."

எழுந்து போய் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். எண்ணலாம்தான். ஒவ்வொரு முடிச்சும் ஊசிமுனை போல, அதைச் சுற்றி அந்த மெல்லிய ஒளி. நான் ஆறு வாரமாகத் தேடிய படம் அங்கே இருந்தது, முகத்துக்கு ஒரு சாண் பின்னால்.

"மற்றதைப் பாருங்க," என்றேன். ஒற்றைக் கண்ணாடி லென்ஸில் எடுத்த இரண்டு தாளிலும் வலை மங்கல், முகம் மங்கல். முழங்காலின்மேல் வைத்திருந்த அண்ணனின் விரல்களில் கயிறு அறுத்த தழும்பு தெளிவாகத் தெரிந்தது. இந்த லென்ஸில் தெளிவு முகத்துக்கு முன்னால் விழுந்திருக்கிறது.

அப்போதுதான் மண்டையில் வெளிச்சம் ஏறியது. இதெல்லாம் நான் படித்ததுதான். பயம் வந்துவிட்டால் படித்தது உதவிக்கு வராது போலும். மென்குவிய லென்ஸின் நடுப்பகுதி ஒரு தூரத்திலும் ஓரப்பகுதி வேறு தூரத்திலும் ஒளியைக் குவிக்கும். அதனால்தான் அந்த மென்மை. துவாரத்தைச் சுருக்கினால் ஓரம் அடைபட்டு, குவியமே இடம் மாறிவிடும். திறந்து வைத்துக் குவித்துவிட்டுச் சுருக்கினால் தெளிவு பின்னால் போய்விடும். ஒற்றைக் கண்ணாடியின் சிக்கல் வேறு. அது ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு தூரத்தில் குவிக்கும். நம் கண் மஞ்சளையும் பச்சையையும் பார்த்துக் குவிக்கிறது. இந்தப் பிலிமுக்குத் தெரிவது நீலம் மட்டும். ஆகவே தெளிவு முன்னால் வந்துவிடும். கொழும்பில் எடுத்த முகங்களுக்குப் பின்னால் இருந்தது கறுப்புத் துணி. அதில் எந்தத் தெளிவு போய் விழுந்தாலும் எனக்கு எப்படித் தெரியும்?

தங்கைக்கு நண்டு கொடுக்க வந்த தவராசா அண்ணன் கதவருகில் நின்று எட்டிப் பார்த்தார். "என்ட வலை நல்லா விழுந்திருக்கு. மூஞ்சியைத்தான் காணல்ல," என்றார். நான் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை, கொஞ்ச நேரத்தில் அழுகையாகவும் மாறியது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நண்டுப் பையை மேசையில் வைத்துவிட்டு, "படம் அவ்வளவு மோசமா?" என்று ஜெயந்தியிடம் மெதுவாகக் கேட்டார்.

ஆனாலும் நம்பிக்கை வேறு, நிரூபணம் வேறு. பிற்பகலில் நிலையத்தின் பின் முற்றத்தில் ஒரு பலகையைச் சாய்வாக வைத்து, ஏழு பால்மா டின்களை ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தி, ஒன்று முதல் ஏழு வரை இலக்கம் ஒட்டினோம். நான்காவதைக் குவித்து எடுப்பது. பிலிமை நாலாக வெட்டிக்கொண்டதால் இரண்டு தாளில் வேலை முடிந்தது. ஒவ்வொரு லென்ஸிலும் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் குவித்தேன். பித்தளையில் மூன்று தடவையும் ஐந்தாம் டின் தெளிவு. ஒற்றைக் கண்ணாடியில் மூன்று தடவையும் மூன்றாம் டின்.

ஜெயந்தி ஆறு துண்டுகளையும் வரிசையாக மாட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "கண் பழுதெண்டா ஒருக்கா முன்னால விழும், ஒருக்கா பின்னால விழும். இது ஒரே அளவில பிழைக்கிது. பிழைக்கிறது சாமான், ஆள் இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார்: "ஆனா செவ்வாக்கிழமை போகாம இருக்கப்படாது. சரியா?"

"ஓம்," என்றேன்.

அன்று கல்லடிக்குத் திரும்பும்போது குகன் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். "அக்கா இண்டைக்குப் பெயர்ப் பலகை ஒண்டும் வாசிக்கல்ல," என்றார். நண்டுக் குழம்பை ஜெயந்தி டப்பாவில் போட்டுத் தந்திருந்தார். அதைச் சோற்றோடு சாப்பிட்டுவிட்டு 8 மணிக்குப் படுத்தேன்.

சனிக்கிழமை காலை அதே இடம், அதே நேரம், அதே கதிரை. பித்தளை லென்ஸை முதலிலேயே எஃப் 11க்குச் சுருக்கிவிட்டுக் குவிக்கப் பார்த்தேன். மங்கற்கண்ணாடியில் இருட்டு. அண்ணனின் கண்ணோரத்தில் ஒரு சின்ன டோர்ச்சைப் பிடிக்கும்படி ஜெயந்தியிடம் சொன்னேன். அந்த ஒற்றைப் புள்ளி சிறுத்துக் கூர்மையாகிற இடத்தில் நிறுத்தினேன். ஒற்றைக் கண்ணாடிக்கு வேறு வழி: களுவாஞ்சிக்குடிச் சந்தையில் 40 ரூபாய்க்கு வாங்கிய நீலக் கண்ணாடித் தாளை இரண்டாக மடித்து உருப்பெருக்கியில் ஒட்டினேன். நீலத்தில் பார்த்தால் பிலிம் பார்ப்பதையே நானும் பார்ப்பேன். கண்ணால் குவித்த இடத்திலிருந்து கமராவின் பின்பக்கத்தை 17 மில்லிமீட்டர் உள்ளே தள்ள வேண்டியிருந்தது.

நான்கு தாள் எடுத்தோம். 10.20க்கு வெளிச்சப் பெட்டியில் தவராசா அண்ணன் இருந்தார். இமையின் ரோமம் தெரிந்தது. உப்புக் காற்றும் வெயிலும் போட்ட சுருக்கமெல்லாம் இருந்தது, ஆனால் எதுவும் குத்தவில்லை. நெற்றியில் ஒளி படிந்திருந்தது. நெகட்டிவை எப்படி வாசிப்பது என்று ஜெயந்திக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் பார்த்துப் பழகிய கண். நெடுநேரம் பார்த்துவிட்டு, "எங்கட அப்பா மாதிரி வந்திருக்கார்" என்று மட்டும் சொன்னார்.

எதை வைத்துக்கொண்டேன்? பிடித்தது பித்தளை. வைத்துக்கொண்டது ஒற்றைக் கண்ணாடி. பித்தளையில் தோல் விழுகிற அழகு தனி. ஆனால் துவாரத்தை மாற்றினால் ஒரு பிழை, வளையத்தைத் திருப்பினால் இன்னொரு பிழை. போதாததற்கு 4.6 கிலோ என் கமராவின் முன்பலகையைக் கீழே இழுக்கிறது. ஒற்றைக் கண்ணாடியின் பிழை, ஒரே தூரத்திலிருந்து எடுக்கும்வரை மாறாது. அளந்து வைத்துக்கொண்டால் அது பிழையே அல்ல. 51 வயதில் எனக்கு அது போதும்.

நீங்களும் இந்த அளவில் லென்ஸ் தேடுகிறீர்கள் என்றால்: இணையத்தில் மற்றவர்கள் போட்ட சின்னப் படங்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்த அளவில் எல்லா மென்குவிய லென்ஸும் அழகாகத்தான் தெரியும். மூலைகள் இருண்டு போகின்றனவா என்று உங்கள் கமராவிலேயே போட்டுப் பாருங்கள். சோதிக்கும்போது வெறும் சுவருக்கு முன் எடுக்காதீர்கள். முன்னாலும் பின்னாலும் ஏதாவது இருக்கட்டும், டின்னோ, வேலியோ, வலையோ. எடுக்கப்போகிற துவாரத்திலேயே குவியுங்கள். நீலம் மட்டும் உணரும் பிலிம் என்றால் நீலத் தாள் பையில் இருக்கட்டும். மட்டக்களப்புப் பக்கம் வருவதானால் மாசி, பங்குனி நல்லது, காலை 6.30 முதல் 8.15 வரை நிழலில் ஒரு விநாடி வெளிச்சம் போதும், அதற்குப் பிறகு வெயில் ஏறிவிடும். குருமண்வெளித் துறையில் காற்று 9 மணிக்குமேல்தான் எழும்பும். பெரிய கமராவுக்கு அது முக்கியம்.

கண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை போனேன். இரண்டு கண்ணிலும் அழுத்தம் சரியாக இருந்தது. வாசிப்புக் கண்ணாடியின் இலக்கம் மட்டும் கூடியிருக்கிறது. கண் அழுத்த நோயில் முதலில் குறைவது ஓரப் பார்வை, குவியம் அல்ல என்று மருத்துவர் விளக்கினார். அப்பாவுக்கு இருந்ததால் வருடத்துக்கு ஒருமுறை வரவேண்டும் என்றும் சொன்னார். உங்கள் குடும்பத்திலும் யாருக்காவது இருந்திருந்தால் தள்ளிப் போடாதீர்கள். சோதனைக்கு நாற்பது நிமிடம்தான். சொட்டு மருந்து விட்டபின் சில மணி நேரத்துக்கு வாசிக்க முடியாது, வெளிச்சம் கூசும், வாகனம் ஓட்டவும் கூடாது. அதனால் கூட ஒருவரை அழைத்துப் போங்கள். நான் என் கணவரை அழைத்துப் போனேன். போகிற வழியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.